எட்டு ஆவர்த்தனம்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், சின்சினாட்டி நகரத்துப் புரூஸ்டர் அவென்யூவில், முன்னாளில் பனிக்கட்டிக் கிடங்காக இருந்த பழைய கட்டடம் ஒன்றில் 'கிங்' என்னும் இசைத்தட்டு ஸ்தாபனம் பல ஆண்டுகள் நடந்துவந்தது. சிட் நேதன் என்ற வியாபாரி 1943-இல் தொடங்கிய அந்த ஸ்தாபனத்தில், பாட்டைப் பதிவு செய்வதும், தட்டை அழுத்தி எடுப்பதும், உறை அச்சிடுவதும், பெட்டியில் அடுக்கி வெளியூர்களுக்கு அனுப்புவதும் ஆகிய சகல காரியங்களும் ஒரே கூரையின் கீழ் நிறைவேறின. வெள்ளையர்களின் கிராமியப் பாட்டும் கறுப்பின மக்களின் தாளப் பாட்டும் ஒரே வாசல் வழியாக வெளியே சென்ற இடம் அது. நேதன் காலமாகி ஓராண்டுக்கு மேல் கழிந்திருந்த 1969 நவம்பர் 20-ஆம் தேதி, ஜேம்ஸ் பிரவுன் என்ற பிரசித்தி பெற்ற பாடகர் தம்முடைய குழுவினருடன் அங்கே அமர்ந்து, 'ஃபங்கி டிரம்மர்' என்ற உருப்படியைப் பதிவு செய்தார்.

உருப்படி என்று சொல்கிறோமே தவிர, பல்லவி, சரணம் என்று பிரித்துக் காட்டத்தக்க அமைப்பு எதுவும் அதில் இல்லை. கிட்டார் ஒரே சிறு பிரயோகத்தைத் திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டிருக்கிறது. பித்தளை வாத்தியங்கள் அவ்வப்போது ஒன்றுகூடி ஓர் அடி அடித்துவிட்டு அடங்குகின்றன. மேசியோ பார்க்கர் என்ற சாக்ஸபோன் வித்வான் சற்று நேரம் கற்பனையாக வாசிக்கிறார். பிரவுன் ஆர்கன் பெட்டியின் முன் உட்கார்ந்து, பாடுவது பாதியும் பேசுவது பாதியுமாகக் குழுவினரை உற்சாகப்படுத்திக்கொண்டிருக்கிறார். இவ்வாறு ஐந்து நிமிஷத்துக்கு மேல் சென்றபின், டிரம் வாசிப்பவருக்குக் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும் என்று அவர் மற்றவர்களிடம் சொல்கிறார். சொல்லிவிட்டு, டிரம் வாசிப்பவரைப் பார்த்து, தனியாக வித்தை எதுவும் காட்ட வேண்டாம், இப்போது வாசித்துக்கொண்டிருப்பதையே வாசி என்ற பொருளில் ஒரு கட்டளையும் இடுகிறார். மற்ற வாத்தியங்கள் நிற்கின்றன. டிரம் மாத்திரம் எட்டு ஆவர்த்தனம் தனியே ஒலிக்கிறது. நான்கு அட்சரம் கொண்ட ஒரு சுற்றை இங்கே ஆவர்த்தனம் என்று கொள்கிறேன். அந்தக் கணக்கின்படி எட்டுச் சுற்றும் முடியச் சுமார் இருபது விநாடி ஆகும். அது முடிந்து வாத்தியங்கள் மறுபடி சேர்ந்துகொள்ளும்போதுதான், டிரம் வாசிப்பவரைக் குறித்த 'ஃபங்கி டிரம்மர்' என்ற பெயரையே பிரவுன் இந்த உருப்படிக்கும் சூட்டுகிறார். பெயர் வைக்கும் சடங்கே ஒலிப்பதிவுக்குள் அடங்கியிருக்கிறது.

வெளிவந்த காலத்தில் இதை எவரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. 1970 மார்ச்சில் சிறிய தட்டு ஒன்றின் இரு பக்கங்களிலும் இரண்டு பாகமாகப் பிரித்து வெளியிட்டார்கள். கறுப்பின ரசிகர்களுக்கான பட்டியலில் 20-ஆம் இடத்தையும், பொதுப் பட்டியலில் 51-ஆம் இடத்தையும் எட்டிவிட்டு அது இறங்கிப்போயிற்று. முதலிடத்தைப் பலமுறை பிடித்த பிரவுனுக்கு இது சாமானிய வெற்றியே. அடுத்த பதினாறு ஆண்டுகள் அவருடைய எந்த நெடுந்தட்டிலும் இதற்கு இடம் கிடைக்கவில்லை. ஆயினும் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் அந்த இருபது விநாடித் தாளம் நேராகவோ திரிந்தோ குடியிருக்கிறது. எவருடைய கவனத்தையும் ஈர்க்காமல் போன ஒரு தட்டின் இரண்டாம் பக்கம், இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் எழுந்த ஒரு சங்கீத மரபு முழுவதற்கும் அடித்தளமாக எங்ஙனம் ஆயிற்று என்பதே இங்கு நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம். என் அபிப்பிராயத்தில் இதற்கான விடை பெரும்பாலும் பிரவுன் இட்ட அந்தக் கட்டளையிலேயே இருக்கிறது.

ஃபங்க் என்னும் சங்கீத வகையின் தன்மையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டாலொழிய அந்தக் கட்டளையின் கருத்து விளங்காது. 1933-இல் தென் கரோலினாவில் பிறந்து, ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டா நகரில் வறுமையின் கொடுமையை முழுவதும் அனுபவித்து வளர்ந்தவர் ஜேம்ஸ் பிரவுன். ஆரம்பத்தில் தேவாலயப் பாட்டின் உருக்கத்தைக் காதல் பாட்டுக்குக் கொண்டுவந்து பெயர் பெற்ற அவர், 1965-ஆம் ஆண்டை ஒட்டி வேறொரு பாதையில் திரும்பினார். ராகபாவத்தையும் சுருதிச் சேர்க்கையின் மாறுதல்களையும் ஏறக்குறைய முற்றிலும் ஒதுக்கிவிட்டு, கிட்டார், பித்தளை வாத்தியம், தம்முடைய குரல் ஆகிய எல்லாவற்றையும் ஒருவகைத் தாளக் கருவிகளாகவே அவர் பாவிக்கத் தொடங்கினார். அந்நாட்டுப் பாட்டுக்களில் வழக்கமாக இரண்டாம், நான்காம் அட்சரங்களில் விழும் அழுத்தத்துக்கு மேலாக, சுற்றின் முதல் அட்சரத்துக்கு அவர் கொடுத்த முக்கியத்துவம் பிரசித்தமானது. 'தி ஒன்' என்று அதை அவருடைய குழுவினர் ஒரு மந்திரம் போலச் சொல்லிக்கொள்வார்கள். சமத்தில் எல்லோரும் தவறாமல் வந்து கூடிவிட வேண்டும். அதன்பின் அடுத்த சமம் வரையில் ஒவ்வொருவருக்கும் தத்தம் வழியே உலாவ இடம் உண்டு. 1967-இல் வெளிவந்த 'கோல்ட் ஸ்வெட்' என்ற பாட்டில் இந்த முறை முழு வடிவம் பெற்றது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். அதில் டிரம் வாசித்தவரும் நம்முடைய கதாநாயகரே.

அவர் பெயர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு. 1943 ஏப்ரல் 18-இல் டென்னசி மாநிலத்துச் சட்டனூகாவில் பிறந்தவர். எந்தக் குருவிடமும் முறையாகப் பாடம் கேட்டவர் அல்லர். ஸ்வரக் குறிப்பை வாசிக்கவும் அறியாதவர். தம்முடைய ஊரில் ஒரு தொழிற்சாலை காற்றை வெளியே தள்ளும்போது உண்டாகும் சப்தம் மலையில் மோதித் திரும்பி வருவதையும், தண்டவாளத்தின் மேல் ரயில் சக்கரங்கள் எழுப்பும் ஓசையையும் கேட்டுக் கேட்டே தாளம் பழகியதாகப் பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். இதை வெறும் அலங்காரமாக நான் கொள்ளவில்லை. இயந்திரத்தின் ஓசைக்கும் மனிதன் தட்டும் ஓசைக்கும் நடுவே மலை திருப்பித்தரும் எதிரொலிக்கு ஓர் இடம் உண்டு: இயந்திரத்தின் ஒழுங்கு அதில் தங்கியிருக்கும், அதன் விறைப்பு மாத்திரம் கரைந்துவிட்டிருக்கும். ஸ்டபிள்ஃபீல்டின் வாசிப்பைக் கேட்கும்போதெல்லாம் அந்த எதிரொலியின் நினைவு எனக்கு வருகிறது.

1965-இல் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் பிரவுனின் கண்ணில் பட்டு அவர் குழுவில் சேர்ந்தபோது, மேடையில் ஒன்றுக்கு மேற்பட்ட டிரம் செட்டுகள் ஏற்கெனவே வரிசையாக இருந்தனவாம். அந்தக் கூட்டத்தில் கடைசிவரை நிலைத்தவர்கள் இருவர்: ஒருவர் ஸ்டபிள்ஃபீல்டு, மற்றவர் அலபாமாவைச் சேர்ந்த ஜான் ஸ்டார்க்ஸ், 'ஜாபோ' என்று எல்லோராலும் அழைக்கப்பட்டவர். தவறாக ஒரு ஸ்வரம் வாசித்தாலும், காலணிக்கு மெருகிடாமல் மேடை ஏறினாலும் அபராதம் விதிக்கும் எஜமானராகிய பிரவுனிடம் இவ்விருவரும் ஆண்டுக்கணக்கில் வாசித்தார்கள். ஸ்டார்க்ஸின் வாசிப்பு நேரானது, சுத்தமானது. ஸ்டபிள்ஃபீல்டின் வாசிப்பில் அடிகளுக்கு நடுவே ஏதோ ஒன்று சதா கொதித்துக்கொண்டே இருக்கும். போட்டியும் பொறாமையும் மலிந்த அத்தொழிலில் இருவரும் கடைசிவரை நண்பர்களாகவே இருந்தார்கள் என்பதையும் இங்கே குறிப்பிடுவது தகும்.

இனி அந்தத் தாளத்தை அருகிலிருந்து பார்ப்போம். நான்கு அட்சரச் சுற்று ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் அட்சரத்தையும் நம்முடைய சதுஸ்ர நடையைப் போல நான்காகப் பிரித்தால் பதினாறு சிற்றிடங்கள் கிடைக்கும். வலக்கை, ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்த இரு தகடுகளாகிய ஹை-ஹாட்டின் மேல் அந்த இடங்களைத் தொட்டுக்கொண்டே ஓடுகிறது; ஓரிரு இடங்களில் மாத்திரம் கால் சற்றுத் தளர, தகடுகள் விலகி 'ஸ்' என்று ஒரு மூச்சு வெளிப்பட்டு, உடனே அடைபடுகிறது. கால் மிதியால் அடிக்கும் பெரிய டிரம், சமத்தில் உறுதியாக விழுந்துவிட்டுப் பிறகு எதிர்பாராத இடங்களில் இடறி இடறி வருகிறது. இடக்கை, ஸ்னேர் என்னும் சிறிய டிரம்மின் மேல் இரண்டாம், நான்காம் அட்சரங்களில் ஓங்கி அடிக்கிறது. இதுவரை சொன்னதைத் தேர்ந்த எந்த வாசிப்பாளரும் செய்துவிடலாம். விசேஷம் இதற்கு அப்பால் இருக்கிறது. அந்த இரண்டு ஓங்கிய அடிகளுக்கு இடையே, அதே ஸ்னேரின் மேல், குச்சியின் நுனி தோலைத் தொட்டதோ தொடவில்லையோ என்று ஐயுறும்படியாகச் சில மெல்லிய அடிகள் விழுகின்றன. டிரம் வாசிப்பவர்கள் இவற்றைக் 'கோஸ்ட் நோட்' என்பார்கள். ஆவியைப் போல, இருந்தும் இல்லாத அடி என்பது கருத்து. கவனித்துக் கேட்டால்தான் இவை காதில் படும். ஆனால் இவற்றை எடுத்துவிட்டு வாசித்துக் காட்டினால், ஏதோ ஒரு ஜீவன் போய்விட்டது என்பதை உடம்பு உடனே உணர்ந்துகொள்ளும்.

நம் மிருதங்க வித்வான்கள் கணக்கு வாசிப்பது என்றும், சர்வலகு வாசிப்பது என்றும் இரண்டைப் பிரித்துச் சொல்வார்கள். கோர்வையும் மோராவும் தீர்மானமும் வைத்துச் சபையைத் திடுக்கிடச் செய்வது முன்னது. பாட்டின் நடை தானாக ஓடும்படி, நதிக்குக் கரை போல, ஒழுங்காக ஊர்ந்து செல்வது பின்னது. சர்வலகு வாசிப்பதே கடினம் என்பது அறிந்தவர்கள் வாக்கு. அமெரிக்க டிரம் வாசிப்பில் 'சோலோ' என்பது நம் தனி ஆவர்த்தனத்தைப் போலக் கணக்கும் சாகசமும் கலந்தது. பிரவுன் அன்று தம் வித்வானிடம் கேட்டது அதுவன்று. மற்றவர்களெல்லாம் ஒதுங்கி நிற்க, அவர் கேட்டது சர்வலகுவை மாத்திரமே. தனி வாசிக்கும் இடத்தில் தனி வாசிக்காமல் இருந்த அந்த அடக்கமே பின்னாளில் அத்தாளத்தைப் பொதுச்சொத்தாக்கியது என்பது என் கருத்து. கோர்வை வைத்த தனி ஆவர்த்தனத்தை வெட்டி எடுத்து வேறொரு பாட்டின் கீழே ஓட்ட முடியாது. அதற்குத் தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் உண்டு. அது தானே ஒரு கதை. கரையாக மட்டும் இருக்கும் வாசிப்போ, எந்த நதி வந்தாலும் இடம் கொடுக்கும்.

அந்த நதி பிராங்ஸிலிருந்து வந்தது. நியூயார்க் நகரின் வடபகுதியாகிய பிராங்ஸில், 1973 ஆகஸ்டு 11-ஆம் தேதி, செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கொண்ட அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் ஒரு விருந்து நடந்தது. ஜமைக்காவிலிருந்து குடியேறிய ஓர் இளைஞர் அங்கே இசைத்தட்டு ஓட்டினார். கூல் ஹெர்க் என்று அவரை எல்லோரும் அழைத்தார்கள். பாட்டு முழுவதையும்விட, பாட்டின் நடுவே வாத்தியங்கள் ஓய்ந்து டிரம் மாத்திரம் ஒலிக்கும் இடத்தில்தான் ஆடுபவர்கள் வெறிகொண்டு ஆடுகிறார்கள் என்பதை அவர் கண்டறிந்திருந்தார். அந்த இடத்துக்குப் 'பிரேக்' என்று பெயர். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் பிரேக் முடியுமுன் மற்றதில் அதைத் தொடங்கி, சில விநாடிகளே நீடிக்கும் பகுதியை நிமிஷக்கணக்கில் நீட்டும் வழியை அவர் கையாண்டார். அவர் விரும்பி ஓட்டிய தட்டுகளில் ஜேம்ஸ் பிரவுனின் தட்டு முதன்மையானது. ஹிப் ஹாப் என்னும் மரபு இங்ஙனம் தோன்றியது. பாட்டில் பாடகரைத் தேடாமல் டிரம் வாசிப்பவரைத் தேடிய முதல் ரசிகர் கூட்டம் அந்தக் கூட்டமே.

1986-ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் ஒத்துக் கூடின. பாலிடார் ஸ்தாபனம் 'இன் தி ஜங்கிள் குரூவ்' என்ற தொகுப்பில் 'ஃபங்கி டிரம்மர்' முழுவதையும், சுமார் ஏழு நிமிஷமும் வெட்டாமல், முதன்முறையாக வெளியிட்டது. அதோடு நில்லாமல், டேனி கிரிவிட் என்பவரைக் கொண்டு அந்த டிரம் பகுதியை மாத்திரம் வெட்டி ஒட்டி நீட்டிய ஒரு வடிவத்தையும் சேர்த்தது. தாளம் தேடித் திரிந்தவர்களுக்குச் சமைத்துப் பரிமாறிய இலை போல அது அமைந்தது. மற்றொன்று, எந்த ஓசையையும் எண்ணுருவில் விழுங்கி வைத்துக்கொண்டு, ஒரு பொத்தானைத் தட்டியவுடன் திருப்பிக் கொடுக்கும் 'சாம்ப்ளர்' என்ற கருவி, பெரிய ஸ்டூடியோக்களிலிருந்து சாமானிய இளைஞர்களின் அறைகளுக்கு வந்து சேரத் தொடங்கியிருந்தது.

அக்கருவிகளில் 1987-இல் வெளிவந்த எஸ்.பி.-1200 என்பதைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் ஒரு கலையின் வடிவத்தைக் கருவியின் வறுமை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. அதன் ஞாபகசக்தி மொத்தம் பத்து விநாடி. ஒரு துண்டு ஓசைக்கு இரண்டரை விநாடிக்கு மேல் இடம் கிடையாது. ஸ்டபிள்ஃபீல்டின் தாளம் நிமிஷத்துக்குச் சுமார் நூறு அட்சரம் என்ற வேகத்தில் செல்கிறது. நான்கு அட்சரச் சுற்று ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டு விநாடியும் நான்கு தசாம்சமும் ஆகும். அதாவது, அக்கருவியின் ஒரு துண்டுக்குள் சரியாக ஒரு சுற்று, உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போல, அடங்கிவிடுகிறது. இதைவிட நீளமான பகுதி வேண்டியவர்கள் தட்டை நிமிஷத்துக்கு 33 சுழற்சிக்குப் பதில் 45 சுழற்சி வேகத்தில் ஓடவிட்டுப் பதிவு செய்து, பின்பு கருவிக்குள் மெதுவாக்கிக் கொள்வார்கள்; அப்படிச் செய்யும்போது ஓசையின் ஓரங்கள் உதிர்ந்து, மண்துகள் படிந்தாற்போல ஒரு கரகரப்பு வந்து சேரும். நவீனக் கருவிகளில் அந்தக் குறை இல்லை. ஆயினும் அந்தக் கரகரப்பை விரும்பி அதைச் செயற்கையாகச் சேர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

'பப்ளிக் எனிமி' என்ற குழுவினர் 1987-இல் 'ரெபெல் வித்தவுட் எ பாஸ்' என்ற பாட்டில் இத்தாளத்தின்மேல், பிரவுனின் குழுவினர் வேறொரு தட்டில் வாசித்த சாக்ஸபோனின் ஒரு கீறலை அபாயச் சங்கு போல விடாமல் ஒலிக்கச் செய்தார்கள். ஸ்பைக் லீயின் 'டூ தி ரைட் திங்' என்ற திரைப்படத்துக்காக 1989-இல் அவர்கள் அமைத்த 'ஃபைட் தி பவர்' பாட்டிலும் இது உண்டு. பல தட்டுகளின் துணுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட அந்தக் கோபாவேசத்துக்கு அடியில், 1968-இல் கறுப்பினப் பெருமையை முழங்கிய பிரவுனின் பாட்டுக்கு டிரம் வாசித்த அதே கைகள் மறுபடியும் உழைத்தன. ஒரே மனிதரின் மணிக்கட்டு இருபது ஆண்டு இடைவெளியில் இரண்டு தலைமுறைகளின் அரசியல் ஆத்திரத்துக்கு நடை வகுத்துக் கொடுத்தது என்பதைச் சரித்திரகாரர்கள் இன்னும் விரிவாக எழுதவேண்டும். ரன்-டி.எம்.சி., எல்.எல். கூல் ஜே முதலியவர்களும் இத்தாளத்தை எடுத்தாண்டார்கள். இங்கிலாந்தில் ஜார்ஜ் மைக்கேல் 1990-இல் தம்முடைய 'ஃப்ரீடம்! 90' என்ற பாட்டில் இதைப் பியானோவுக்கு அடியில் பரப்பி, நடனக்கூடங்களின் களிப்புக்கு உரியதாக்கினார். இப்பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம். அதனால் பயன் அதிகம் இல்லை. ஒரே ஒரு பாட்டை மாத்திரம் நின்று கேட்பது நலம்.

ஐரிஷ் மொழியில் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒப்பாரி ஒன்று இருக்கிறது. இறந்துபோன காதலியின் கல்லறை மேல் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுக்கும் ஒருவனின் புலம்பல் அது. எழுதியவர் பெயர் தெரியவில்லை. ஃபிராங்க் ஓ'கானர் என்ற எழுத்தாளர் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1990-இல் ஷினேட் ஓ'கானர் என்ற பாடகி அந்த ஒப்பாரியைத் தம்முடைய தொகுப்பில் பாடியபோது, சம்பிரதாயமான வாத்தியங்கள் எவற்றையும் முதலில் சேர்த்துக்கொள்ளவில்லை. கனத்த அடிநாதம் ஒன்றும், ஸ்டபிள்ஃபீல்டின் தாளமும், அவருடைய குரலும் மாத்திரமே. பாட்டின் கடைசியில்தான் பிடில் வந்து சேர்ந்து கிராமிய ஆட்டத்தின் வேகத்தில் எழும்புகிறது. கல்லறையின் மேல் படுத்திருப்பவன் எழுந்து நடக்கவேண்டும் என்று அந்தத் தாளம் வற்புறுத்துகிறது. குரலோ அசைய மறுக்கிறது. ஒப்பாரிக்கும் ஆட்டத் தாளத்துக்கும் என்ன பொருத்தம் என்று கேட்பவர்கள் இதைக் கேட்டபின் அந்தக் கேள்வியைக் கைவிடுவார்கள். சின்சினாட்டியில் ஒருவர் அன்றாட வேலையாகச் செய்த காரியம், அயர்லாந்தின் பழந்துக்கம் ஒன்றுக்கு இவ்வளவு இயல்பாகப் பொருந்தும் என்று எவர் நினைத்திருப்பார்? அந்த மெல்லிய அடிகள்தாம் இங்கேயும் காரியம் செய்கின்றன. ஓங்கிய அடிகள் காலை நகர்த்துகின்றன. மெல்லிய அடிகள் விம்மலைப் போல நெஞ்சுக்குள் நடக்கின்றன.

இத்தாளத்தின் செல்வாக்கு அதைச் சாம்பிள் செய்தவர்களோடு, அதாவது வெட்டி எடுத்தாண்டவர்களோடு, நின்றுவிடவும் இல்லை. ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டும் முறை, அதாவது 'லூப்', பாட்டு இயற்றும் முறையையே மாற்றிவிட்டது. முன்பெல்லாம் மெட்டை அமைத்துவிட்டுத் தாளக்காரரை அழைத்தார்கள். 1990-களுக்குப் பிறகு பெரும்பாலான வெகுஜனப் பாட்டுக்களில் தாளம் முதலில் வந்து உட்கார்ந்துகொள்ள, மெட்டு அதனிடம் இடம் கேட்டு வரவேண்டியதாயிற்று. இதனால் நஷ்டமும் உண்டு. மெட்டின் வளம் குன்றிற்று என்று முறையிடுபவர்களின் வாதத்தை நான் முற்றிலும் தள்ளமாட்டேன். மனிதர் வாசித்த தாளத்தில் சுற்றுக்குச் சுற்று நுட்பமான வேறுபாடு இருக்கும். லூப்பில் அது இல்லை. எட்டு ஆவர்த்தனத்தையும் முழுவதாக ஒருமுறை கேட்டுவிட்டு, அதிலிருந்து வெட்டிய ஒரே ஆவர்த்தனம் நூறு முறை ஓடுவதைக் கேட்பவர்களுக்கு அந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

இனிச் சட்டத்தின் விஷயம். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு பாட்டில் இரண்டு சொத்துக்களைக் காண்கிறது: இயற்றப்பட்ட உருப்படி ஒன்று, அதன் ஒலிப்பதிவு மற்றொன்று. 'ஃபங்கி டிரம்மரை' இயற்றியவராகத் தட்டில் அச்சாகியிருக்கும் பெயர் ஜேம்ஸ் பிரவுன் ஒருவருடையதே. மெட்டும் சொல்லும்தான் இயற்றுதல் என்று கொள்ளும் பழைய வழக்கத்தில், டிரம் வாசிப்பவர் அந்த இடத்திலேயே கற்பித்த தாளம் உருப்படியின் பகுதியாக மதிக்கப்படுவதில்லை. ஒலிப்பதிவோ ஸ்தாபனத்தின் உடைமை. கூலி பெற்றுக்கொண்டு வாசித்தவருக்கு அதில் பங்கு இல்லை. இன்னொரு விசித்திரமும் உண்டு: அந்நாட்டு மத்தியச் சட்டம் ஒலிப்பதிவுகளுக்குப் பாதுகாப்பு அளிக்கத் தொடங்கியதே 1972 பிப்ரவரி 15-ஆம் தேதிதான், அதற்கு முந்திய பதிவுகள் அந்தந்த மாநிலச் சட்டங்களின் நிழலில் நெடுங்காலம் கிடந்தன. மெட்டு, சொல், எஜமானன், ஸ்தாபனம் என்று யாரைப் பற்றியெல்லாமோ கவலைப்பட்ட சட்டத்துக்கு, உலகம் விரும்பி எடுத்துச்சென்ற அந்த இருபது விநாடியை வாசித்த கையைக் காண ஒரு கண் இல்லாமல் போயிற்று. இதை அநீதி என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

1991-இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகர் அனுமதியின்றி வேறொருவர் பாட்டின் பகுதியை எடுத்தாண்ட வழக்கில், களவு செய்யாதே என்ற வேதக் கட்டளையையே முதலில் வைத்துத் தீர்ப்பு எழுதியது. அதன்பின் சாம்பிள் செய்வதற்கு அனுமதியும் கட்டணமும் தவிர்க்க முடியாதவை ஆயின. பப்ளிக் எனிமியைப் போலப் பல துணுக்குகளை அடுக்கிக் கட்டும் பாணி அதிகச் செலவு பிடிப்பதாகி மெல்ல அருகிற்று. உரிமையாளர்களுக்குப் பணம் வரலாயிற்று. ஸ்டபிள்ஃபீல்டு உரிமையாளர் அல்லராகையால், அந்தத் தீர்ப்பினால் அவருக்கு விளைந்த நன்மை ஒன்றும் இல்லை. 'ஃபங்கி டிரம்மர்' பதிவான அதே 1969-இல் வெளிவந்த 'ஆமென், பிரதர்' என்ற பாட்டில் சில விநாடி டிரம் வாசித்து, அவ்வாறே உலகெங்கும் எடுத்தாளப்பட்ட கிரெகரி கோல்மன், வீடு வாசல் இன்றி 2006-இல் இறந்தார் என்று அவருடைய குழுத்தலைவர் சொன்னதை நினைக்கும்போது, இது ஒருவருடைய துர்ப்பாக்கியம் மாத்திரம் அன்று என்பது விளங்கும்.

1971-இல் பிரவுனின் குழுவை விட்டு விலகிய ஸ்டபிள்ஃபீல்டு, விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் குடியேறி, ஆயுள் முழுவதும் அங்கேயே இருந்தார். ஊர்க்காரர்கள் அவருடைய வாசிப்பைத் திங்கட்கிழமை இரவுகளில் அவ்வூர்க் கேளிக்கைக் கூடத்தில் கேட்டார்கள். வானொலி நிகழ்ச்சி ஒன்றிலும் பல ஆண்டுகள் வாசித்தார். தம்முடைய தாளம் எங்கெங்கோ ஒலிப்பதைப் பற்றிக் கேட்டவர்களிடம், அது தம்மை அவ்வளவாக வருத்தவில்லை, ஆனால் ஒருவருடைய உழைப்பை எடுத்துக்கொண்டு பணம் கொடாமல் இருப்பது மரியாதை அல்ல என்ற கருத்தில் பதில் சொன்னார். நோய்வாய்ப்பட்டு மருத்துவச் செலவு மலைபோல் குவிந்த காலத்தில், பிரின்ஸ் என்ற புகழ்பெற்ற பாடகர் யாருக்கும் தெரியாமல் சுமார் 90,000 டாலர் கொடுத்துக் கடனைத் தீர்த்தார். பிரின்ஸ் இறந்தபின் 2016-இல்தான் ஸ்டபிள்ஃபீல்டு அதை வெளியே சொன்னார். அவ்வாண்டு அமெரிக்கப் பத்திரிகை ஒன்று எக்காலத்துக்கும் சிறந்த டிரம் வாசிப்பாளர்களை வரிசைப்படுத்தியபோது, அவரையும் ஸ்டார்க்ஸையும் பிரிக்காமல் சேர்த்தே ஆறாம் இடத்தில் வைத்தது. 2017 பிப்ரவரி 18-இல் அவர் காலமானார். விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அவருக்கு அளிக்கத் தீர்மானித்திருந்த கௌரவ டாக்டர் பட்டம் மூன்று மாதம் கழித்து, அவர் இல்லாத சபையில் வழங்கப்பட்டது.

அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், சாம்பிள் செய்வதன் தர்ம அதர்மங்களை ஆராய்ந்த 'காப்பிரைட் கிரிமினல்ஸ்' என்ற ஆவணப்படம் 2009-இல் வெளிவந்தபோது, அதனுடன் சேர்த்து வெளியிடுவதற்காக ஸ்டபிள்ஃபீல்டு புதிய தாளங்கள் சிலவற்றைத் தனியே வாசித்துக் கொடுத்தார். பிரவுன் இல்லை, பித்தளை வாத்தியங்கள் இல்லை, இடையில் பேசுவோர் இல்லை. முதலிலிருந்து கடைசிவரை டிரம் மாத்திரமே. யார் வேண்டுமானாலும் அவற்றை எடுத்துக்கொண்டு தங்கள் பாட்டுக்கு அடியில் ஓட்டிக்கொள்ளலாம் என்பது அப்போதைய ஏற்பாடு. ஒரு சாதாரண விண்ணப்பத் தாளை நிரப்பிக் கொடுத்துவிட்டு, விற்பனையில் 15 சதவீதம் கொடுக்கவேண்டும். பாட்டில் டிரம் வாசித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு என்று அச்சிடவேண்டும்.